உப்பும் உப்புத்தாளும்

எங்கள் வீட்டில் கோபக்காரி நான்தான். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே வாசலில் போகிறவர்களோடு சண்டை போடக் கூடியவள். என் அக்கா அப்படி இல்லை. வாய் பேசத் தெரியாதவள் அல்ல, ஆனால் கோபத்தை வீணாக்க மாட்டாள். எண்ணெயைப் போலவே அதையும் அளந்துதான் செலவழிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை காலையில், தன் வீட்டுப் பின்பக்கத்தில் நின்றுகொண்டு, கட்டிய புருஷனை 'நீ' என்று சொன்னாள். அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அவளுடைய கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேர்தான் தோசைக்கல். அசலில் அது உருக்கி வார்த்த இரும்பு. அவள் வேலை பார்க்கிற பஸ் டிப்போ கேண்டீனில் அடுப்பு கான்ட்ராக்டருடையது, கேஸ் அவருடையது, தட்டு டம்ளர் எல்லாம் அவருடையது. கல் மட்டும் அக்காவுடையது. அங்கே சேர்ந்த புதிதில் அவளுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. அப்போது அடுப்பில் கிடந்தது ஒரு மெல்லிய தகடு. நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. முட்டையை உடைத்து ஊற்றினால் பாதி தட்டுக்கு வரும், மீதிப் பாதி தகட்டோடு குடித்தனம் நடத்தும். டிரைவர்கள் அடுப்பில் நிற்கிறவனைத் திட்டுவார்கள், அவன் அவர்களைத் திருப்பித் திட்டுவான். ஒருநாள் அவன் கரண்டியை வீசிவிட்டுப் போய்விட்டான்.

"நான் நிக்கிறேன்" என்று அக்கா சொன்னாளாம். கான்ட்ராக்டர் சிரித்திருக்கிறார். உரிக்க, நறுக்க, கழுவப் பெண்கள். நெருப்புக்கு முன்னால் நின்று நாலு பேர் பார்க்க வேலை செய்ய ஆம்பளை. இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஒரு வாரம் பாருங்க. சரிப்படலைன்னா வெங்காயத்துக்கே போறேன்."

டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. உடைந்த ரேடியேட்டர்களுக்கும் கோணலான சக்கரங்களுக்கும் நடுவே இரண்டு பக்கமும் காது வைத்த ஒரு வட்டக் கல், செங்கல் நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. மழைத்தண்ணீர் அதில் தேங்கி, காக்கை வந்து குடித்துக்கொண்டிருந்தது. "அது எடைக்குத்தாம்மா ஆகும்" என்றார் கடைக்காரர். அக்கா தன் காசில் வாங்கி, ஆள் வைத்துத் தூக்கி வந்து, என் வீட்டின் பின்பக்கத்தில் இறக்கினாள். அவள் வீட்டில் புகை போக வழியில்லை. என் வீட்டில் மட்டும் போக வழி இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

பொருக்குப் பொருக்காக உரிந்ததைச் சுரண்டி எடுத்தாள். பிறகு கல்லுப்பைக் கொட்டி, உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கிழங்கு துருவைக் குடித்துச் சிவந்துபோகும். சிவந்ததை மெல்லிசாகச் சீவி எறிந்துவிட்டு மறுபடி தேய்ப்பாள். பிடிவாதம் பிடித்த இடங்களுக்கு மட்டும் வினிகரில் நனைத்த துணி, அதுவும் கொஞ்ச நேரம்தான்; ஊறவிட்டால் துருவோடு சேர்த்து இரும்பையும் தின்றுவிடும். கழுவின கையோடு அடுப்பில் ஏற்றி ஈரத்தை விரட்டினாள். காற்றில் காயட்டும் என்று விட்டால் கண்ணெதிரே மறுபடி துருப்பிடிக்கும் என்றாள்.

அதற்கப்புறம்தான் எண்ணெய். "பூசறது யாரு வேணா பூசலாம். பூசின எண்ணெயைத் துடைக்கணும், பூசவே இல்லன்னு நெனச்சுக்கிட்டுத் துடைக்கணும். தேங்கி நின்னா பசையாயிடும்" என்பாள். துடைத்துவிட்டுப் புகை வரும்வரை காய்ச்சுவாள். ஆறவிட்டு மறுபடி பூசி, மறுபடி துடைத்து, மறுபடி காய்ச்சுவாள். வீடு பற்றிக்கொண்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு ஓடி வந்தார். இதற்குப் பெயர் கல்லைப் பழக்குவது. மாட்டைப் பழக்குகிற மாதிரி இரும்பையும் பழக்க வேண்டும். சில நாளில் அந்தச் செங்கல் நிறம் போய், முகம் தெரிகிற கறுப்பு வந்தது. அதில் விட்ட முட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த ஒரு வாரம் எப்போது முடிந்தது என்று கான்ட்ராக்டரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

டிப்போவில் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர் விழுந்தது. விடியற்காலை முதல் வண்டி எடுக்கிற டிரைவர் முதல், வண்டிக்கு அடியிலேயே வாழ்கிற மெக்கானிக்குகள் வரை அவள் கையால் முட்டையும் ரொட்டியும் சாப்பிடாமல் நாளைத் தொடங்க மாட்டார்கள். வேலை முடிந்ததும், கல் சூடாக இருக்கும்போதே சுரண்டி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, அடுப்பில் காட்டி, எண்ணெய்த்துணியால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் கிளம்புவாள். சோப்புத் தூளோடு யாராவது பக்கத்தில் வந்தால் கரண்டியாலேயே அடி விழும். மாமா சட்டைக்கு இஸ்திரி போட மறந்திருக்கிறாள், கல்லுக்கு எண்ணெய் போட ஒருநாளும் மறந்ததில்லை. இதை மாமாவே சிரித்துக்கொண்டு சொல்வார். கல்லில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் என் அக்கா நிமிர்ந்து நடந்தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

மாமா, அதாவது அக்காவின் புருஷன், கார் பட்டறையில் பெயிண்டர். அடிபட்டு வருகிற கார்களின் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பெயிண்ட் அடித்து, புதுசு மாதிரி அனுப்புகிற வேலை. தூசி நெஞ்சில் கட்டிக்கொண்டு, டாக்டர் போதும் என்று சொன்னதால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். நல்ல மனுஷன் என்று தெருவே சொல்லும். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும். அக்காவுக்குச் சறுக்கியது கேண்டீன் தரையில். யாரோ சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறார்கள். தொடை எலும்பு உடைந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போதுகூட, "கல்லை இங்க போட்டுட்டுப் போகாதீங்க, ஊறவெச்சுடுவானுங்க. எங்க வீட்டுல கொண்டு போய்க் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினாளாம். மெக்கானிக்குகள் இரண்டு பேர் கொண்டு போய்க் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "கால் சரியானதும் வாங்க, உங்க இடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். குளிக்க வைக்க, நடக்க வைக்க ஒரு பொம்பளைத் துணை வேண்டுமே என்று நான் அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மாமா தினமும் சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு வந்து, அவள் காலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அவள் நடக்கப் பழகியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் தைக்கும்போது இஸ்திரி மேஜைக்கு முன்னால் வந்து நிற்பாள். கையில் ஒரு தோசைத் திருப்பி. வெட்டி விழுந்த துணித் துண்டுகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவாள். வலித்தால் பல்லைக் கடிப்பாள். "இதுல யாருக்குக்கா முட்டை?" என்று கேட்டால், "முதல் வண்டி டிரைவருக்கு" என்பாள். அப்படி நின்று நின்றே ஒருநாள் முழுக் காலை வேளையும் நின்றுவிட்டாள். நடுநடுவே உட்கார்ந்தால் போதும், வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என்னங்க, திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். கல்லு எப்படி இருக்கு?"

"லேசா துரு வந்திருக்கு. தண்ணி ட்ரம் மூடி ஒடஞ்சு போச்சு, அதான் மேல போட்டு வெச்சேன்."

வெயிலுக்கும் மழைக்கும் நடுவில், தண்ணீர் ட்ரம்முக்கு மூடியாக. நானாக இருந்தால் போனிலேயே பொரிந்து தள்ளியிருப்பேன். அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"சரி, போகட்டும். உப்பு போட்டுத் தேய்ச்சு வைங்க. சனிக்கிழமை வந்து எண்ணெய் போட்டுக்கறேன்."

"சரி" என்றார் மாமா.

சனிக்கிழமை ஒரு வண்டி பிடித்துப் போனோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், ஸ்டூலின் மேல் ஒரு வட்டம் வெள்ளி மாதிரி மின்னுகிறது. எனக்கு முதலில் அது என்னவென்றே விளங்கவில்லை. காதைப் பார்த்துத்தான் கல் என்று அடையாளம் தெரிந்தது. அக்கா வருஷக் கணக்காக ஏற்றிய கறுப்பில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. கீழே கறுப்பும் சிவப்புமாகத் தூள். கிழிந்த உப்புத்தாள்கள், முரட்டுத் தாள் முதல் மெல்லிய தாள் வரை. மாமா ஒரு டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அது என்ன டப்பா?" என்று கேட்டாள் அக்கா.

"ரெட் ஆக்சைடு பெயிண்ட். ஒரு கோட் அடிச்சுட்டா ஜென்மத்துக்கும் துரு வராது."

"ஜென்மத்துக்கும் முட்டையும் வராது மாமா!" என்று நான் கத்தினேன். "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? உப்பு போட்டுத் தேய்ங்கன்னு சொன்னா உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பீங்களா?"

மாமா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உப்புன்னா உப்புத்தாள்னு நெனச்சுட்டேன். எங்க பட்டறையில அப்படித்தான சொல்லுவோம். 'டேய், அந்தக் கதவுக்கு உப்பு போடு'ன்னா யாராவது சாப்பாட்டு உப்பையா கொண்டு வருவான்?"

அது உண்மைதான். அவர் பட்டறையில் அப்படித்தான் பேசுவார்கள், நானே கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு சேர்ந்து வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, இது பெயிண்டர் கையில் பழக்கின கல். அக்காவின் உதட்டோரத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய், அந்த வெள்ளி மினுமினுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். தூள் போகட்டும் என்று மாமா ஈரத்துணியால் துடைத்திருந்தார் போல. ஓரத்தில் இதற்குள்ளேயே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருந்தது.

"சரி, கத்தி என்ன ஆகப் போகுது. உங்களைக் குத்தம் சொல்லி என்ன, பட்டறை வார்த்தை" என்றாள். "முதல்ல இருந்து பழக்கணும். நாளைக்கு முழுக்க ஒக்காந்தா ஒரு மாதிரியா ஆயிடும். நீங்க அந்த டப்பாவை மூடுங்க. அடுப்பை வெளிய எடுத்து வைங்க. ஏய், நீ போய் உப்பும் கிழங்கும் எடுத்துட்டு வா."

கடைசியாகச் சொன்னது என்னிடம். நான் சமையலறைக்குள் போனேன். தனியாக இருக்கிற ஆண்பிள்ளையின் சமையலறை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கழுவாத டம்ளர்கள், காய்ந்துபோன ரொட்டி. உப்பு டப்பாவைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லாமல், தொட்டிக்குப் பக்கத்திலேயே புதுக் கல்லுப்புப் பாக்கெட் ஒன்று வாய் பிரித்து நின்றது. அதன் பக்கத்தில் பாதி உருளைக்கிழங்கு. இன்னொரு பாதி கீழே குப்பைக்கூடையில், மெல்லிசாகச் சீவின சீவல்களோடு. கையில் எடுத்துத் திருப்பினேன். வெட்டிய பக்கம் சிவந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், துரு. சிவப்பின் மேல் உப்புப் பொடி காய்ந்து ஒட்டியிருந்தது.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. கிழங்கை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்து மாமாவுக்கு முன்னால் நீட்டினேன்.

"மாமா, இது என்ன?"

"கிழங்கு."

"கிழங்குன்னு எனக்கும் தெரியுது. ஏன் செவந்திருக்கு?"

அக்கா கையை நீட்டி வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"உப்பு போட்டுத் தேய்ச்சீங்களா?"

"ம்."

"துரு போச்சா?"

"போச்சு."

"எல்லாமா?"

"ட்ரம் விளிம்பு பட்ட இடத்துலதான வட்டமா இருந்துச்சு. கொஞ்சம் தேய்ச்ச ஒடனே போயிடுச்சு. எண்ணெய் தொட்டுத் தடவினேன். பழைய மாதிரியே ஆயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு உப்புத்தாள்?"

மாமா மூடியைத் தேடி டப்பாவை மூடினார். மூடின மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பழைய மாதிரி ஆனா நீ போயிடுவியே."

பிறகு மாமாவே, மடை திறந்த மாதிரி, எல்லாவற்றையும் கொட்டினார். "அந்தத் தரையில நீ கிடந்ததை நீ பாக்கல, நான் பாத்தேன். கால் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். மறுபடியும் ஒருநாள் போன் வந்து நான் ஓடி வரணுமா? இந்தத் தடவை காலோட போச்சு. நானும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தச் செவுத்தோட எத்தனை நாள்தான் பேசறது? நீ ஒழச்சது போதும். வீட்டுல இருந்து பழகிக்கோ. கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்." மூச்சு வாங்கினார். "எப்படியும் அங்க இப்ப எடம் கிடையாது. நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த ஒடனேயே கான்ட்ராக்டர்கிட்ட போய், இனிமே அவ வரமாட்டான்னு சொல்லிட்டேன். வேற ஆள் போட்டுட்டாங்க."

"அதைச் சொல்ல நீ யாரு?" என்றாள் அக்கா.

தன் வாயிலிருந்து வந்த அந்த 'நீ'யைக் கேட்டு அவளே ஒரு நொடி நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க'வைத் தவிர வேறு வார்த்தையால் அவரை அவள் கூப்பிட்டதில்லை. நின்றாளே தவிர, திருத்தவில்லை.

"கேக்கறேன்ல, நீ யாரு? ஒடஞ்சது என் காலு. வலிச்சது எனக்கு. நான் அங்க ஒரு மேஜை முன்னாடி நின்னு துணியைத் திருப்பிப் போட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறேன், தெனமும் பழம் வாங்கிட்டு வந்து அதைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தியே! வாயைத் தொறந்தியா? பயமா இருக்குன்னு சொல்லு. தனியா இருக்க முடியலன்னு சொல்லு. சண்டை போடு, நானும் போடறேன். என் வேலையை எனக்குத் தெரியாம நீ போய் ராஜினாமா பண்ணிட்டு, என்கிட்ட 'சரி'ன்னு சொல்ற. நல்லா இருந்த கல்லை ஒக்காந்து சொரண்டற. அப்புறம் 'பட்டறை வார்த்தை'ங்கற. நாங்களும் சிரிக்கிறோம். எங்களைப் பாத்தா எப்படி இருந்துச்சு உனக்கு?"

"ஒன் மேல உள்ள பாசத்துலதான்..." என்று ஆரம்பித்தார் மாமா.

"பாசமா?" நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "பாசம்னு பேர் வெச்சுட்டா எதை வேணாலும் பண்ணலாமா மாமா? அவளுக்குச் சோறு போட்ட கல்லு அது. நெஞ்சுல தூசி கட்டி நீங்க வேலையை விட்டீங்களே, அப்புறம் இந்த வீட்டுல ஒல கொதிச்சது எதுனால? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீங்க உப்பைப் போட்டுட்டு உப்புத்தாளையும் போட்டிருக்கீங்க!"

மாமா அழ ஆரம்பித்தார். அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. குடித்துவிட்டு அடிக்கிறவனாக இருந்தால் ஊர் கேட்கும், பஞ்சாயத்துக்கு நாலு பேர் வருவார்கள். நல்ல மனுஷன் பழத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் காலுக்குக் கீழே இருந்து நிலத்தை உருவினால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும், "உன் மேல உள்ள அக்கறையிலதானேம்மா" என்று அவளுக்கே புத்தி சொல்வார்கள்.

அக்கா அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. "வண்டியைக் கூப்பிடு, கல்லை ஏத்து" என்று என்னிடம் சொன்னாள். மாமா கல்லின் ஒரு காதைப் பிடிக்க வந்தார். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார். வண்டிக்காரரும் நானும்தான் தூக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் வீட்டில் புகை. அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் தேய்த்தேன், கழுவினேன், காய்ச்சினேன். மெல்லிய தாளால் கண்ணாடி மாதிரி இழைத்திருந்ததால் எண்ணெய் பிடிப்பேனா என்றது. பூசினால் திட்டுத் திட்டாக ஒதுங்கியது. துடை என்றாள். துடைத்தேன். இன்னும் துடை என்றாள். "துடைச்சா எண்ணெயே இல்லியேக்கா!" என்றால், "அதான் வேணும்" என்றாள். அன்றைக்கு அவள் பேசினதே அவ்வளவுதான். சாயங்காலம் கல் ஒரு பழுப்பு நிறத்துக்கு வந்திருந்தது. கறுப்பு வர இன்னும் எத்தனையோ நாள் ஆகும். இரண்டு முறை மாமா வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார். நான் கதவைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை விடியும் நேரம் கல்லோடு டிப்போவுக்குப் போனோம். கேண்டீனில் அவள் இடத்தில் ஒரு புது ஆள் நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் மறுபடியும் ஒரு மெல்லிய தகடு. கான்ட்ராக்டர் அக்காவைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னம்மா இது, வரமாட்டீங்கன்னு ஒங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாரே?"

"அவர் இங்க வேலை பாத்தாராண்ணே?"

"இல்ல..."

"வேலை பாத்தது நானு. வரேன்னு சொன்னதும் நானு. வரலைன்னா நான்தான வந்து சொல்லணும்? என் வாயால ஒரு வார்த்தை கேக்காம என் எடத்தை எப்படிண்ணே குடுத்தீங்க? போன் இல்லியா ஒங்ககிட்ட?"

கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். புருஷன் சொன்னால் போதாதா என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற தைரியம் மட்டும் இல்லை. அதற்குள் வரிசையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். நட்டு என்று எல்லோரும் கூப்பிடுகிற மெக்கானிக் ஒருவர், "கல்லக்கா வந்தாச்சு!" என்று கத்தினார். நாலு பேர் தட்டோடு முன்னால் வந்தார்கள். புது ஆளே நிலைமையைப் புரிந்துகொண்டு, "அக்கா காலைல நிக்கட்டும் சார், நான் மத்தியானத்துக்கு நின்னுக்கறேன்" என்றான். கான்ட்ராக்டர், "சரி, பாப்போம்" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அவள் இடம் என்று இருந்ததில் பாதி. அதற்கும் அவள் நன்றி சொல்லவில்லை, நல்ல வேளை.

முதல் முட்டை ஒட்டிக்கொண்டது. திருப்பியை அடியில் விட்டுத் தள்ளினாள், கிழிந்தது. மஞ்சள் உடைந்து ஓடியது. நட்டு தட்டைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒங்க கையால முட்டை கிழியுமா?" என்று கேட்டார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார். அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. காலில் வலி வந்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"கல்லு புதுசு. கிழிஞ்சாலும் முட்டைதான், சாப்பிடு" என்றாள். நெருப்பைக் குறைத்தாள், எண்ணெய்த்துணியால் ஒரு தடவு தடவினாள், அடுத்த முட்டையை உடைத்தாள். அதுவும் கிழிந்தது.

அவள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். கல்லைத் தூக்கி வைத்து இறக்க ஆள் வேண்டுமென்று காலையில் நானும் கூடப் போகிறேன். தையலை அப்புறம் வந்து பார்த்துக்கொள்கிறேன். கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து வருகிறது. கிழிகிற முட்டைகள் குறைந்திருக்கின்றன.

போன வாரம் மாமா கேண்டீனுக்கு வந்தார். டோக்கன் வாங்கிக்கொண்டு, டிரைவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். தானே போட்ட இஸ்திரி, காலரைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் முறை வந்ததும் தட்டை நீட்டினார். அக்கா எல்லோருக்கும் போலவே அவருக்கும் முட்டையை உடைத்து ஊற்றினாள்.

"எப்ப வீட்டுக்கு வர்றே?" என்று மெதுவாகக் கேட்டார். "அக்கம்பக்கத்துல எல்லாரும் கேக்கறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல."

அக்கா முட்டையைத் திருப்பிப் போட்டாள். எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"இனிமே அவ வரமாட்டான்னு சொல்லிடுங்க. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் ஒங்களுக்குத் தெரியுமே."

மறுபடியும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். மாமா தட்டோடு அங்கேயே நின்றார். பின்னால் இருந்த டிரைவர், "பெரியவரே, வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லி அவரைத் தோளில் தொட்டு நகர்த்திவிட்டு, தன் தட்டை நீட்டினார்.